காது குத்தினால் போதுமா?



போன வருஷம் என் தங்கை மகளுக்குக் காது குத்தினோம். காலையில் கோயிலில் பூஜை. சாயங்காலம் கோலா கங்சாரிலேயே ஒரு மண்டபத்தில் விருந்து. தாய்மாமன் என்ற முறையில் பதினோரு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுத்தபோது குழந்தையைவிட எனக்குத்தான் நடுக்கம் அதிகம். வீறிட்டு ஓர் அழுகை. வாயில் கொஞ்சம் சர்க்கரை. இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

இரவு விருந்தில் அந்த அழுகை மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை நிற்கவே இல்லை. குத்திய இடம் ரணமாகியிருக்கும் என்று தங்கை தேங்காய் எண்ணெய் தேடி ஓடினாள். நான் மேடையோரம் மிக்சர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கர் ஏற்பாடு என்னுடையது. "மச்சான், இன்னும் கொஞ்சம் ஏத்து!" என்று பையன்கள் கையைக் காட்ட, நானும் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து என்னமோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பழைய பாட்டு போடச் சொல்கிறார் என்று நினைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். குழந்தையை வெளியே காருக்குள் கொண்டுபோனதும் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது.

பாட்டி என்ன சொன்னார் என்பதை மறுநாள்தான் என் மனைவி சொன்னாள். "டேய், புள்ளைக்கு வெளிக்காதுல தங்கத்தப் போட்டுட்டு, உள்காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறியேடா!"

இந்தக் கட்டுரை பாட்டியின் அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

தாத்தாவின் காது, என் காது

நம் ஊரில் 1877-இல் நடப்பட்டதாகச் சொல்லப்படும் ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் குடும்பம் இந்த மண்ணுக்கு வந்ததே அந்த மரத்தின் வம்சத்தை நம்பித்தான். பாட்டி பால் மரம் வெட்டினார். தாத்தா தோட்டத்து ஆலையில் ரப்பர்ப் பாளத்தை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றார். ஓய்வு பெற்றபோது காது போயிருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் பேரப்பிள்ளைகள் அவரிடம் பேசமாட்டோம், கத்துவோம். கத்திக் களைத்த பிறகு, கத்துவதையும் விட்டுவிட்டோம். கடைசி வருஷங்களில் அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அவர் காலத்தில் காதுக்குக் காப்பு யாரும் கொடுக்கவில்லை. தொழிற்சாலைச் சத்தத்துக்கு என்று தனியாக விதிமுறைகள் நம் நாட்டில் 1989-இல்தான் வந்தன. அதற்குள் தாத்தா வேலையைவிட்டு நின்றுவிட்டார். ஆனால் இயந்திரச் சத்தம் காதைக் கொல்லும் என்பது அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், 1886-இல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைப் பரிசோதித்தார். அந்த நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. தெரிந்த ஒரு செய்தி, தெரிய வேண்டியவரிடம் வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இப்போது என் கதை. பதினான்கு வயதில் உறுமி மேளக் குழுவில் சேர்ந்தேன். இருபது வயதில், வார இறுதிகளில் ஈப்போவில் ஓர் இரவு கிளப்பில் ஒலி அமைப்புக்கு உதவியாளாகப் போனேன். வேலை இல்லாத இரவுகளில் அதே மாதிரி இடங்களுக்குக் காசு கொடுத்தும் போனேன். முதல் நாள் இரவு வீட்டுக்கு வந்து படுத்தபோது காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒரு ரீங்காரம். "அது எல்லாருக்கும் வரும்டா, காலையில போயிரும்" என்றான் நண்பன். காலையில் போய்விட்டதும் உண்மை. நாலு வருஷம் அப்படித்தான், வந்து வந்து போனது. ஒருநாள் வந்தது, பிறகு போகவே இல்லை. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முப்பத்தொன்றாவது வயதில் மனைவி வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளைக் கேட்கவைத்து, ஒரு கோடு வரைந்து காட்டினார்கள். கோடு நேராக வந்து, உயர்ந்த சுருதிகளுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்தது. எனக்குப் பேச்சு கேட்கும்; சொல் பிடிபடாது. மனைவி 'பால்' என்றாளா, 'கால்' என்றாளா, 'வால்' என்றாளா என்று முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து பேசினால் அதுவும் முடியாது. சிரிக்கும் இடத்தில் நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

மருத்துவர் எளிமையாக விளக்கினார். உள்காதில் நத்தை ஓடு போல ஓர் உறுப்பு. அதற்குள் மயிரிழை போன்ற முனைகளைக் கொண்ட செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலி வந்தால் நாணல் மாதிரி அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். ஓயாமல் பெரிய ஒலி அடித்தால் சாயும். ஓய்வு கொடுத்தால் சில எழுந்துகொள்ளும். எழாதவை செத்துப்போகும். கோழிக்கும் குருவிக்கும் இந்தச் செல்கள் மறுபடி முளைக்கின்றன. மனிதனுக்கு முளைப்பதில்லை. பிறக்கும்போது இறைவன் கொடுத்த கணக்குதான். அதற்கு மேல் வரவு இல்லை, செலவு மட்டும்தான்.

தாத்தா குடும்பத்துக்குச் சோறு போட, சம்பளத்துக்காகக் காதைக் கொடுத்தார். அவருக்கு வேறு வழி இல்லை. நான் நுழைவுக் கட்டணமும் கட்டி, காதையும் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் எனக்கு வெட்கம்.

"என் காது, என் இஷ்டம்"

"சரி அண்ணே, அது என் காது, என் இஷ்டம். கெட்டா எனக்குத்தானே கெடுது? உங்களுக்கென்ன?" எங்கள் குழுவில் ஒரு தம்பி இப்படிக் கேட்டான். நல்ல கேள்வி. கிளப்புக்குப் போவது சரியா தவறா என்ற பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இங்கே காதை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, தெரிந்து கொடுத்தால்தான் அது இஷ்டம். நெருப்புச் சுட்டால் கை தானாக விலகும். சத்தம் அப்படிச் சுடுவதில்லை. காதில் வலி தொடங்க ஏறக்குறைய 120 டெசிபல் வேண்டும். சேதமோ 85 டெசிபலிலேயே, நேரம் நீண்டால், தொடங்கிவிடுகிறது. இடையில் இருக்கும் 35 டெசிபலும் நமக்கு உற்சாகமாகத்தான் இருக்கும். "வலிக்கவே இல்லையே" என்பது இந்த வழக்கில் சாட்சியே அல்ல.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. தாங்கும் நேரம் பாதியாகிறது. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். கிளப்பில் 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். நம் கல்யாண விருந்து மண்டபங்களிலும் ஸ்பீக்கர் பக்கம் நின்றால் அதேதான். பதினைந்து நிமிடத்துக்கான கணக்கில் நாம் நாலு மணி நேரம் நிற்கிறோம்.

இரண்டாவது, காது உண்மையில் 'என்னுடையது' மட்டும்தானா? கண்ணை மூடிக்கொள்ள இமை இருக்கிறது. காதுக்கு இமை இல்லை. மற்றவர்கள் நமக்குள் வருவதற்காகத் திறந்தே வைக்கப்பட்ட வாசல் அது. வேதத்துக்குச் சுருதி என்று பெயர். கேட்கப்பட்டது என்று பொருள். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்து, காதால் வரும் செல்வத்தை மற்றச் செல்வங்களுக்கெல்லாம் மேலே ஏற்றிச் சொன்னார். என் காது கெட்டதற்கு விலை கொடுப்பது நான் மட்டுமா? ஒரே விஷயத்தை மூன்று தரம் சொல்லிச் சலித்துப்போகிற என் மனைவி கொடுக்கிறாள். சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல்லியும் கேட்காமல்போன பாட்டி கொடுத்தார். வாசல் என் வீட்டில் இருந்தாலும், அதைச் சுவர் வைத்து அடைத்தால் வெளியே நிற்பவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. அன்று மண்டபத்தில் முன்னூறு பேர். அறுநூறு காதும் என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தன. அதில் "ஏத்து" என்று கேட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். மீதிப் பேர் கேட்கவில்லை. பரிமாறிய அக்காக்கள் எழுந்து போக முடியாது. பெரியவர்கள், விருந்து கொடுத்தவர் மனம் நோகும் என்று பொறுத்துக்கொள்வார்கள். குழந்தைக்கு அழுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த அழுகையையும் நாங்கள் தோட்டு வலி என்று நினைத்துக்கொண்டோம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அரை மணி நேரம் பெரிய சத்தத்தில் நின்றால் காது மழுங்கிவிடும். முதலில் வைத்த சத்தம் குறைந்தது போலத் தோன்றும். உடனே கை தானாக ஏற்றும். ஏற ஏற இன்னும் மழுங்கும், இன்னும் ஏற்றும். ஒலியைக் கட்டுப்படுத்துகிறவனின் காதுதான் பெரும்பாலும் அந்த மண்டபத்திலேயே மோசமான காது. கடோபநிஷத்தில் உடலைத் தேர் என்றும், புலன்களைக் குதிரைகள் என்றும், புத்தியைச் சாரதி என்றும் சொல்லும் உவமை உங்களுக்குத் தெரியும். அன்று நான் சாரதி இடத்தில் உட்கார்ந்திருந்தேன், ஓட்டியது குதிரை. அந்தத் தேரில் முன்னூறு பேர் இருந்தார்கள்.

அகிம்சை என்றால் கையால் அடிக்காமல் இருப்பது மட்டும் என்று நினைத்திருந்தேன். தொடாமலேயே ஒருவரை அடிக்கலாம், அவரும் வலிக்காமலேயே அடி வாங்கலாம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

நம் மேளம், நம் குரல்

"அப்படின்னா உறுமி வேணாமா? நாதஸ்வரம் வேணாமா? கோயில் மணி வேணாமா?" என்று கேட்பீர்கள். இன்னும் ஒன்றும் கேட்பீர்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசில் இருக்கும். "இந்த நாட்டுல நாம கொஞ்சம் பேரு. சத்தத்தையும் கொறச்சிக்கிட்டா நாம இருக்கறதே யாருக்கும் தெரியாம போயிரும்."

அந்த உணர்வை நான் மதிக்கிறேன். தோட்டத்தில் வாய் திறக்காமல் வேலை செய்த சனம் நாம். வருஷத்தில் ஒரு தடவை, அம்மன் திருவிழாவில் மேளம் அடித்தபோதுதான் தாத்தா மாதிரி ஆட்கள் தலை நிமிர்ந்து நின்றார்கள். அந்த மேளத்தைக் கேவலமாகப் பேச எனக்கு நாக்கு வராது. நானே உறுமி அடித்தவன்.

ஆனால் நம் முன்னோர் வைத்த முறையைக் கவனியுங்கள். நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கான வாத்தியங்கள். சுவாமி புறப்பாட்டோடு நடந்து, நம்மைக் கடந்து போய்விடும். தீபாராதனை மணி ஓங்கி ஒலிக்கும். ஆரத்தி முடிந்ததும் நின்றுவிடும். ஓசைக்கு ஓர் இடம், ஒரு நேரம், ஓர் எல்லை. நாலு சுவருக்குள் ஆளுயர ஸ்பீக்கரை நிறுத்தி, ஐந்து மணி நேரம் ஒரே இடத்தில் அடிப்பது நம் மரபு சொன்னதல்ல. வாடகைக்கு வந்த பழக்கம் அது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதற்குப் பொருத்தம். சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம், பக்கத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி, மேளச் சத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது. இந்திய உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது: மற்றவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் கும்பிட வேண்டும் என்றும் எந்த மதமும் சொல்லவில்லை. "அது அவங்களுக்குச் சொன்னது" என்று நாம் நழுவ முடியாது. எந்த மதமும் என்றால் நம் மதமும்தான்.

நம் குரல் கேட்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. கேட்க வேண்டும் என்றால் கேட்பதற்குக் காது மிச்சம் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் தேவாரத்தின் சொல்லைப் பிடிக்க முடியாமல் நின்றால், யாருக்காக இந்த மேளம்?

சட்டம் நிற்கும் இடம்

நம் நாட்டில் 2019 ஜூன் 1 முதல் வேலையிடச் சத்தத்துக்குப் புதிய விதிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. 8 மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல் என்பது எல்லை. 82-ஐத் தாண்டினாலே அதை மிகையான சத்தம் என்று கருதி முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். தாத்தாவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இன்றைய தொழிலாளிக்கு ஏட்டிலாவது இருக்கிறது. ஆனால் அது வேலை செய்கிறவருக்கான சட்டம். காசு கொடுத்து உள்ளே வருகிறவரையும், அத்தை இடுப்பில் விருந்துக்கு வருகிற குழந்தையையும் பற்றி அது பேசுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தரநிலையை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியை அளந்துகொண்டே இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடம் வேண்டும் என்பவை அதில் அடக்கம். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோரின் செவித்திறன் ஆபத்தில் இருப்பதாகவும் அதே நிறுவனம் சொல்கிறது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் வழிகாட்டி வந்து நம் மண்டபத்தில் பொத்தானைத் திருகாது. சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்து நடக்க வேண்டியது தர்மம்.

பாட்டியின் கேள்விக்குப் பிறகு, எங்கள் குழுவில் உட்கார்ந்து பேசிச் சிலவற்றை முடிவு செய்தோம். ஸ்பீக்கரைத் தரையில், பிள்ளைகள் காது உயரத்தில் வைப்பதில்லை. உயர்த்தித் தூரமாக வைக்கிறோம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். கைப்பேசிச் செயலியில் அளந்து பார்க்கிறோம். அது துல்லியம் இல்லைதான், ஆனால் மழுங்கிப்போன என் காதைவிட நேர்மையானது. மணிக்கு ஒரு தரம் பத்து நிமிடம் பாட்டை நிறுத்துகிறோம். மேளம் அடிக்கிற தம்பிகளுக்கு நுரைக் காதடைப்பான் கொடுக்கிறோம். வெறும் பஞ்சு போதாது. அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு விரிகிற வரை பிடித்திருக்க வேண்டும். கிளப்புக்குப் போகிற நண்பர்களிடமும் இரண்டு சோடி கொடுத்தனுப்புகிறேன். கைக்குழந்தை இருந்தால், அந்த வீட்டார் உட்காரும் இடம் ஸ்பீக்கருக்கு எதிர்மூலை.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. "காதுல அடைச்சிக்கிட்டு உறுமி அடிச்சா சிரிப்பாங்க அண்ணே" என்று நல்ல கைவாகு உள்ள ஒரு தம்பி குழுவைவிட்டே போய்விட்டான். இரண்டு விருந்து வாய்ப்புகளும் கை நழுவின. "உங்க செட்ல கிக் இல்ல" என்றார்கள். அந்தத் தம்பி இப்போது வேறு குழுவில் அடிக்கிறான். பார்க்கும்போதெல்லாம் ஒரு சோடி அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு வருகிறேன். போட்டுக்கொள்கிறானோ இல்லையோ, தெரியாமல் கெட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு நாம் எல்லோரும் போகிறோம். அந்த முருகனின் சுவாமிமலைக் கதையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பிரணவத்தின் பொருளை மகன் தகப்பனுக்குச் சொன்னான். அதனால் தகப்பன்சாமி ஆனான். உலகத்திலேயே பெரிய செய்தி அது. எப்படிச் சொன்னான்? காதில் மெதுவாக. எப்படிக் கேட்டார் சிவபெருமான்? குனிந்து, காதைக் கொடுத்து.

பாட்டி இப்போது என் வலது பக்கம்தான் உட்காருவார். அந்தக் காது கொஞ்சம் பரவாயில்லை. குனிந்து கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். தங்கை மகளுக்கு ஒன்றரை வயதாகிறது, பேச்சு வந்துவிட்டது. 'மாமா' என்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது 'மாமா'வா 'வாவா'வா என்று சரியாகப் பிடிபடவில்லை. அவளுக்கு மற்றவர்கள் சொல்வது பிடிபட வேண்டும். அடுத்த விருந்தில் உங்கள் கட்டைவிரல் பொத்தானில் இருக்கும்போது, மண்டபத்தில் கைக்குழந்தை எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் திருகுங்கள்.